கூடுதல் பொறுப்பின் பெருமை

பெறுநர்: குழந்தைகளைக் காக்கும் மாண்புமிகு துறை
பொருள்: கூடுதல் பொறுப்பு – வியந்து பாராட்டுதல் – தொடர்பாக
பார்வை: மாவட்ட அலுவலகம் ஒன்றின் வராந்தா, கடந்த செவ்வாய்க்கிழமை

ஐயா/அம்மையீர்,

ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி நடைபெறுகிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட குழந்தைகள் நலக் குழு மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதன்முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். இத்தனையையும் ஓடியாடிச் செய்ய ஆள் எங்கே என்ற அற்பக் கேள்விக்குத் துறை கண்டுபிடித்த விடைதான் கூடுதல் பொறுப்பு.

காலிப் பணியிடத்தை நிரப்பாமலே நிரப்பும் கலை இது. பாதுகாப்பு அலுவலர் விலகினால் பக்கத்து மாவட்டக்காரர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம், ஆண்டுதோறும் நீட்டிப்புக்குக் கையேந்தல் என்றிருக்கையில் யாரும் விலகாமலிருந்தால்தான் அதிசயம். ஆற்றுப்படுத்துநர் கணினிப் பதிவுக்கும் கூடுதல் பொறுப்பு. அலுவலகத்தின் ஒரே மின்விசிறி அறைக்கு முழுப் பொறுப்பும் வராந்தாவுக்குக் கூடுதல் பொறுப்புமாகச் சுழல்கிறது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 1996-இல் மும்பையில் தொடங்கித் தொண்டு நிறுவனங்கள் வழியாக இயங்கியது. 2023-இல் அரசின் கைக்கு வந்தது. மணி அடித்தால் எடுக்கிறார்கள். நடுராத்திரியில் பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டியவரைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

பார்வையில் கண்ட செவ்வாயன்று, மகளையும் மருமகனையும் பறிகொடுத்த பாட்டி ஒருவர் இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்துக் குடும்பமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்குச் சான்று, சான்றுக்கு இ-சேவை மையம், அங்கே சர்வர் வேலை செய்யும் நாள் பார்த்து இன்னொரு நடை. எல்லாம் மஞ்சப்பையில் இருந்தன. ஆனால் முன்பு வாக்குமூலம் வாங்கிய சமூகப் பணியாளர் வேலையை விட்டுப் போயிருந்தார், கோப்பும் அகப்படவில்லை. ஆகவே பத்து வயதுப் பேத்தியிடம், வரிசையில் நின்ற அத்தனை பேர் காதுபட, "அம்மா எப்படிச் செத்தாங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லு பாப்பா" என்றார் மேசைக்குப் பின்னாலிருந்தவர். அவள் சொன்னாள். பேனா எழுதவில்லை. வேறு பேனா வந்ததும் மறுபடி சொன்னாள்.

இது அக்கிரமம். குழந்தையின் துக்கத்தைச் சந்தையில் ஏலம் கூறுவதற்கு எந்த விதியும் அனுமதி தரவில்லை. கேட்டவருக்கும் அது தெரியும். மூன்று பேர் வேலையை ஒற்றை ஆளாகச் சுமப்பவருக்குத் தனியறையும் கிடையாது, நிதானமும் மிஞ்சாது.

சினத்துக்கு மன்னிப்பு. துறையின் பெருந்தன்மைக்கே மீண்டும் வருவது முறை. அந்தச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்து, அவன் மூக்கைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தாய் என்ற பணியிடத்தில் அவள் கூடுதல் பொறுப்பு வகிக்கிறாள், படி எதுவும் கோராமல். துறையின் கொள்கை இவ்வளவு இளம் வயதிலேயே வேரூன்றியிருப்பது பாராட்டத்தக்கது.

நிதி ஆதரவுக்கான ஒப்புதல் குழு அடுத்த மாதம் கூடுமாம். இப்படி மாதங்கள் நழுவினால் பாட்டிகள் சோற்றுக்கு வழியின்றிப் பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் விடுகிறார்கள். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம் வகுத்த கோட்பாடு; ஆள் இல்லாத ஊரில் அதுவே முதல் வழியாகிறது.

நலக் குழுக்களின் காலியிடங்களை நிரப்பும்படி உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. அதோடு, களப் பணியாளரை நிரந்தரமாக்குவதும், ஒருவர் கையில் இத்தனை குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைப்பதும், வாக்குமூலத்தை ஒரே ஆள், ஒரே முறை, கதவுள்ள அறையில் கேட்பதும் தேவை. நிதி ஆதரவு விண்ணப்பம் நிலுவையிலிருக்கும் குழந்தையை வறுமையின் பெயரால் இல்லத்துக்கு அனுப்பக் கூடாது என்றும் ஓர் ஆணை பிறப்பிக்கக் கோரப்படுகிறது.

இப்படிக்கு,
வராந்தாவில் காத்திருப்போர்