குறி எங்கே போகிறது?

கேள்வி: அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் குறி தப்பாத ரைஃபிளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? விலை கூடினால் குறியும் கூடுமா?

பதில்: விலையோடு நிச்சயமாகக் கூடுவது கட்டையின் பளபளப்புதான்! 1958-ல் வந்த சாவேஜ் 110 ரைஃபிள் அழகுப் போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே வெளியேறும். ஆனால், தோட்டா உட்காரும் இடைவெளியைச் சரிபார்த்து, குழலை ஒரு நட்டால் இறுக்கிவிடுகிறார்கள். செலவும் குறைவு, குறியும் சுத்தம். ஃபின்லாந்தின் டிக்கா ரைஃபிளும் அடக்கமான விலையில் பெயர் வாங்கியதுதான்.

100 கஜத்தில் மூன்று தோட்டாவும் ஓரங்குலத்துக்குள் விழும் என்று சில கம்பெனிகள் உத்தரவாதமே தருகின்றன. மானின் நெஞ்சில் உயிர்நிலை சுமார் எட்டு அங்குலம். மிச்சமெல்லாம் நம் கை நடுக்கத்துக்கு!

கடையில் விசையை இழுத்துப் பாருங்கள். கிணற்று வாளிபோல் கனத்தால் வேண்டாம். பிறகு நாலு வகைத் தோட்டா வாங்கிச் சுட வேண்டும். ஒரே துப்பாக்கி ஒரு பிராண்டைத் தலையில் வைத்துக் கொண்டாடும், இன்னொன்றைக் கண்டால் முகம் சுளிக்கும். நடுநடுவே குழலை ஆறவிடுங்கள். மெல்லிய குழல், சூட்டில் குறியை நகர்த்திவிடும்.

மணல் மூட்டையில் சாய்த்துச் சுட்ட குறி அட்டையைப் பர்ஸிலேயே வைத்துத் திரிகிற ஆசாமிகளும் உண்டு. காட்டில் மூட்டையை யார் சுமப்பது, மானா?