வேண்டுதல் இயல்: கீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளை முன்வைத்து ஓர் ஆய்வுரை

ஆய்வுப் பொருள் அற்பமானது என்று கேட்டவர் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், இக்கட்டுரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பப்படவில்லை. பொருள் இதுதான். சர்க்யூட் போர்டு வரைகிறவர்கள், காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்ட மென்பொருளைப் பார்த்து, ‘இந்த ஒரு வசதி மட்டும் இருந்திருந்தால்’ என்று பெருமூச்சு விடுகிறார்களே, அந்தப் பெருமூச்சுக்கு இலக்கணம் உண்டா? உண்டு என்பது என் துணிபு. ஆய்வுக்களம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு முதல் மாடி. தரவாளர் மூவர். அவர்களில் ஒருவன் நானே என்பதால் நடுநிலை பற்றிய கேள்விகளைத் தவிர்க்கலாம்.

முதலில் பெயர். ‘கீகேட்’ என்பதே ஆக்கியோர் ஒலிப்பு. ‘கிக்காட்’, ‘கைகேட்’ என்பன பாடபேதங்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஆறு மாதமும் ‘கிக்காட்’ என்றே சொன்னான். திருத்தலாமா என்று ஒரு நாள் யோசித்தோம். அவன் போட்ட போர்டு முதல் தடவையே வேலை செய்துவிட்டது. விட்டுவிட்டோம்.

அடுத்து வரலாறு. நூல் தோன்றியது 1992இல், பிரான்சின் கிரனோபிளில். தோற்றுவித்தவர் ழான்-பியேர் ஷராஸ், அங்குள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர். உரையாசிரியர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தலையாயவர், ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வகத்தார். தாங்கள் வடிவமைக்கும் மின்னணுக் கருவிகளின் வரைபடங்களை உலகத்தோடு பகிர விரும்பினார்கள். பகிர்ந்ததைத் திறந்து பார்ப்பதற்கே பெரும் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டுமென்றால் அது என்ன பகிர்வு என்று தோன்றி, இந்த மென்பொருளுக்குக் கை கொடுத்தார்கள். பூமிக்கடியில் துகள்கள் ஓட 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வட்டமாகப் பாதை போட்டவர்கள் அவர்கள். அவர்கள் கைபட்ட மென்பொருளில் செப்பு ட்ராக் ஒன்றை வில்லாக வளைக்கும் வசதி 2021 டிசம்பரில், ஆறாம் பதிப்பில்தான் வந்தது. வேண்டுதல் எப்போது பலிக்கும் என்பதற்கும் வேண்டப்படுவோரின் ஆற்றலுக்கும் தொடர்பில்லை என்று நிறுவ இந்த ஒரு சான்று போதும்.

இனி, இவ்வாய்வாளன் யாத்த தலைமை நூற்பா:

வேண்டுதற் கெல்லாம் பிழையே முதனிலை;
பிழைத்தோன் ஆங்கே தோன்றா எழுவாய்.

உரை: ‘போர்டை அனுப்புமுன் துளை அளவைச் சரிபார்க்கச் சொல்லி மென்பொருள் கேட்க வேண்டும்’ என்பவர் கூற்றில், ‘துளை அளவைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்’ என்பது தொக்கி நிற்கிறது. ‘பூட்டி வைத்த பாகம் இன்னும் இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும்’ என்பதில் தொக்கி நிற்பது, ‘ராத்திரி பதினொன்றரைக்கு மவுஸ் மேல் கை வைத்தபடி தூங்கிவிட்டேன்’. எங்கள் முதலாளி ஒருமுறை, போர்டு செய்பவருக்குப் போகும் கோப்பைப் பற்றி, ‘கெர்பர் கோப்பை மெயிலில் அனுப்பின பிறகும் கன்ட்ரோல் இசட் வேலை செய்யணும்யா’ என்றார். அதில் தொக்கி நின்றதன் மதிப்பு நாற்பதாயிரம் ரூபாய்.

இந்நூற்பாவுக்கு மறுப்பு உண்டு. மென்பொருளிலேயே குறை இருந்தால்? இருக்கட்டும். ஆனால் அதன் நிறையைப் பாருங்கள். கீகேட் போர்டின் எல்லா அளவுகளையும் நானோமீட்டர் கணக்கில் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். செப்பு அடுக்குகள் 32 வரை போடலாம். நான் இரண்டைத் தாண்டியதில்லை. இத்தனை துல்லியத்தையும் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்து மேசைக்காரர் வேண்டியது, போர்டின் ஸ்க்ரூ ஓட்டை டப்பாவின் ஓட்டைக்கு நேராக வர வேண்டும் என்பதைத்தான். டப்பா ரிச்சி தெருவில் வாங்கியது. அளந்தது மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால், அதுவும் பூஜ்யத்திலிருந்து அளக்காமல் ஸ்கேலின் விளிம்பிலிருந்து.

வேண்டுதல்களைத் திணை பிரிக்க முயன்று இரண்டு மாலைகளை வீணாக்கினேன். குறிஞ்சி முதல் பாலைவரை ஐந்தும் ஒத்த அன்பினருக்கு உரியவை. இங்கே அதற்கு வழியில்லை. ஆக்கியோருக்கு நம்மைத் தெரியாது; நாம் இருப்பதே தெரியாது. ஆகவே பணிவாகக் கேட்பது கைக்கிளை. ‘இதுகூட இல்லையா, இதை எப்படித்தான் மனுஷன் பயன்படுத்துவான்’ என்று கேட்பது பெருந்திணை. இரண்டே போதும், எல்லாம் அடங்கிவிடுகின்றன.

‘வேண்டுதல்’ என்ற சொல்லையே நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் வேண்டுதல் என்றால் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கும். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் மொட்டை, காய்ச்சல் இறங்கினால் மாவிளக்கு. கட்டற்ற மென்பொருளிடம் வேண்டுகிறவன் மட்டும் நேர்த்திக்கடன் இல்லாமல் வேண்டுகிறான். உண்டியல் இல்லாமலா இருக்கிறது? 2019இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கூரைக்கடியில் போன பிறகு நன்கொடை கொடுப்பது இன்னும் சுலபம். எங்கள் மாடியில் கொடுத்தவர் உண்டா என்று தரவாளர் மூவரையும் விசாரித்தேன். ஒருவர் போன் வந்ததென்று எழுந்து போனார். இன்னொருவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அத்துடன் அந்தப் பகுதியை முடித்துக்கொண்டேன். இத்தகையோருக்கு ஆக்கியோர் தரும் மரபான விடை, ‘நீங்களே நிரல் எழுதி அனுப்பினால் மகிழ்ந்து ஏற்போம்’ என்பது. படியிறங்கிக்கொண்டிருப்பவரைப் பார்த்து ‘சாப்பிட்டுட்டுப் போலாமே’ என்கிற நம் வீட்டு வழக்கை அறிந்தவர்களுக்கு அதன் குரல் புரியும்.

வேண்டுதல்களில் மிகப் பழையது ஆட்டோரவுட்டர். சர்க்யூட்டை வரைந்து பாகங்களைப் போர்டில் கொட்டியதும், எந்தக் கால் எந்தக் காலோடு சேர வேண்டும் என்று மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக எழும். ராட்ஸ்நெஸ்ட் என்று பெயர். நம் மொழியில் எலிக்கூடு. அந்த எலிக்கூட்டைப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் ட்ராக்காக இழுப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு பொத்தானை அமுக்கினால் தானே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது வேண்டுதல். பழைய பதிப்புகளில் பேருக்கு ஒன்று இருந்தது. பிறகு அதை எடுத்தே விட்டார்கள். இப்போது ஃப்ரீரவுட்டிங் போன்ற வெளி நிரலுக்குக் கோப்பை அனுப்பி இழுத்து வாங்கலாம். வாங்கியவர் செய்வதை மூன்று தடவை நேரில் பார்த்திருக்கிறேன்: ஆஹா என்பார், பெரிதாக்கிப் பார்ப்பார், அழித்துவிட்டுக் கையால் இழுப்பார். உள்ளேயே இருப்பது வேறொன்று, செர்ன்காரர்களின் கொடை. நாம் இழுக்கும் ட்ராக் முன்னேற முன்னேற, வழியிலிருக்கும் மற்ற ட்ராக்குகள் தாமாக நகர்ந்து இடம் விடும். ‘உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான இருக்கு’ என்று கூவும் டவுன் பஸ் கண்டக்டரைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டாம்.

பலித்த வேண்டுதல்களும் உண்டு. ட்ராக் வந்து துளையைச் சேரும் இடத்தில் செம்பு சற்றே அகன்று, சொட்டுப் போலப் பருத்திருந்தால், துளை போடும்போது ஊசி கொஞ்சம் விலகினாலும் தொடர்பு அறாது. இதன் பெயர் டியர்டிராப், கண்ணீர்த்துளி. வெகுநாள் ஒட்டு நிரல் போட்டுச் சமாளித்தவர்களுக்கு, 2023 பிப்ரவரியில் ஏழாம் பதிப்பு கண்ணீரை உள்ளிருந்தே அருளியது. அதே பதிப்பில், கணினியிலுள்ள எழுத்துருக்களைப் போர்டில் எழுதப் பயன்படுத்தும் வசதியும் வந்தது. அதுவரை என் போர்டுகளின் மூலையில் வரும் பிள்ளையார் சுழியை அரைவட்டமும் கோடுமாக நானே வரைந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் பதிப்பு வந்ததும் அச்சு எழுத்தாகவே போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மனசு ஒப்பவில்லை, பழைய கோணல் சுழிக்கே திரும்பிவிட்டேன்.

பலித்தபின் வரும் வருத்தம் தனி இனம். ஆறாம் பதிப்புக்கு முன்பு, சர்க்யூட் வரையும் பகுதியில் மவுஸால் ஒரு கட்டம் இழுத்தால், அதற்குள் அகப்பட்டதெல்லாம் உடனே இடம்பெயரத் தயாராகக் கையோடு வரும். வேறு எந்த மென்பொருளிலும் இல்லாத கூத்து என்று எல்லோரும் வைதோம். ஆறாம் பதிப்பில், கட்டம் இழுத்தால் தேர்ந்தெடுப்பு மட்டுமே என்று ஊரோடு ஒத்துப்போக மாற்றினார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு மாதம் கட்டத்தை இழுத்துவிட்டு, ஒன்றும் நகராததைக் கண்டு மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் கொடி. போர்டுக்கு மின்சாரம் வெளியிலிருந்து ஒரு கனெக்டர் வழியாக வருகிறது. ஐசியின் கால், மின்சாரம் வாங்கும் கால் என்று கீகேட்டின் பாக நூலகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கனெக்டரின் காலோ பேசிவ், சும்மா நிற்கும் கால். சோதனையை ஓட்டினால் கீகேட் அம்புக்குறி காட்டிச் சொல்லும்: வாங்குபவர் இருக்கிறார், கொடுப்பவர் யாரையும் காணோம். கண்ணெதிரே ப்ளஸ், மைனஸ் எழுதிய கனெக்டர் நிற்கிறது. தீர்வு, அந்தக் கம்பியில் பவர் ஃப்ளாக் என்ற கொடி ஒன்றை நடுவது. அது போர்டில் வராது, பொருள் பட்டியலில் வராது, எந்த வேலையும் செய்யாது. இங்கே மின்சாரம் இருக்கிறது என்று சாட்சி சொல்லும், அவ்வளவே. என் தாத்தா ஆண்டுதோறும் ஓய்வூதியத்துக்காகக் கருவூலத்துக்கு நேரில் போய், உயிரோடிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவந்தார். கவுண்டரில் இருந்தவர் தாத்தாவிடம் படித்தவர். ‘வாங்க சார், உடம்பு நல்லாருக்கா, காப்பி சொல்லவா’ என்று விசாரித்துவிட்டு, உயிரோடிருப்பதற்கான படிவத்தை நீட்டுவாராம்.

கொடியை ஒழிக்க வேண்டும் என்பது புதிதாக வரும் ஒவ்வொருவரின் முதல் வேண்டுதல். ஓராண்டு கழிந்தவர் கேட்பதில்லை. மூன்றாண்டு கழிந்தவர், கொடி நடாத சர்க்யூட்டைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்.

கடைசியாகக் களச்சான்று. தலைமை நூற்பாவை யாத்தவன் அதற்கு விலக்கானவன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2019இல் மோட்டாருக்கான டைமர் போர்டு ஒன்றைப் போட்டேன். ஐம்பது போர்டு, போர்டுக்கு நான்கு பிசி547 ட்ரான்சிஸ்டர். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து வலமாக அதன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். தமிழ்நாட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் நான் அந்தப் பகுதியை ஒரு பழைய சர்க்யூட்டிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தேன். அதில் இருந்தது சி1815. அதற்கு வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். பெயரை மாற்றினேன், கால்களை மாற்றவில்லை.

போர்டு வந்த அன்று இரவு என் வேண்டுதலை எழுதினேன்: ‘ட்ரான்சிஸ்டரின் பெயரை மாற்றினால், கால் வரிசையைச் சரிபார்த்தீர்களா என்று மென்பொருள் கேட்க வேண்டும்.’ எழுதி முடித்துவிட்டு யோசித்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? படிக்காமல் ஓகே அமுக்கியிருப்பேன். அனுப்பவில்லை.

மறுநாள் காலை, சால்டரிங் பார்க்கும் அண்ணன் ஒரு ட்ரான்சிஸ்டரைக் கையில் எடுத்து, போர்டின் மேல் இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தார்.

‘திருப்பிப் போட்டா எமிட்டர் சரியா உட்காருது தம்பி. மிச்ச ரெண்டு காலைத்தான் குறுக்க மாத்தணும். ஒண்ணுக்கு ஸ்லீவ் ஏத்திக்கலாம்.’

‘மொத்தம் இருநூறு இருக்குண்ணே.’

‘இருக்கட்டும். ரெண்டு நாள்.’

மூன்று நாள் ஆயிற்று. கடைசிப் போர்டை நீட்டும்போது அவரும் ஒரு வேண்டுதல் வைத்தார். ஓட்டைகளை மாற்றச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துப் போடச் சொல்லவுமில்லை. ‘அந்த சாஃப்ட்வேர்காரங்ககிட்ட சொல்லு தம்பி, மூணு ஓட்டைக்கும் நடுவுல கொஞ்சம் எடம் விடச் சொல்லி. ஸ்லீவ் போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டுது.’

நான் போட்டிருந்தது 1.27 மில்லிமீட்டர் இடைவெளி. மேசைக்குப் போய் நூலகத்தைத் திறந்தேன். நான் எடுத்திருந்த ஓட்டை அமைப்புக்குச் சற்றுக் கீழேயே, ‘வைட்’ என்ற பெயரொட்டுடன், 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இன்னொன்று இருந்தது.