கண்ணையே கொடுத்தவனுக்குத் தேடுபொறி உபதேசம்

குன்னத்துகால் பக்கத்துத் தமிழ் வீட்டில் பிறந்தவனுக்கு, அந்நியனாக வாழ்வது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனது. குன்னத்துகால் இருக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து திருவனந்தபுரத்தில் அவன் 'பாண்டி', நாகர்கோவிலில் 'மலையாளத்தான்'. பனச்சமூடு சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் மாநிலம் மாறிவிடும். துபாயிலோ குவைத்திலோ போய் இறங்கும்போது பயிற்சி ஏற்கெனவே முடிந்துதான் இருக்கிறது.

இப்போது அவனுக்குப் புதிதாக ஓர் உபதேசம். வெளிநாட்டில் குடியேறுகிறவர்கள் அந்தரங்கத்தைக் காக்கும் தேடுபொறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கூகுளை விடு, டக்டக்கோவுக்கு மாறு, ஸ்டார்ட்பேஜ் நல்லது, பிரேவ் அதைவிட நல்லது. யோசனையில் தப்பில்லை. ஆனால் அது வந்து சேரும்போது நம் பையனிடம் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?

விசா வருமுன்பே பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஏஜென்டின் வாட்ஸ்அப்புக்குப் போயாயிற்று. அந்த ஏஜென்டுக்கு மேலே ஓர் ஏஜென்ட், அவருக்கும் மேலே மும்பையில் ஒருவர். அடுத்தது கம்கா என்று எல்லோரும் சொல்லும் வளைகுடா மெடிக்கல்: ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. சின்ன வயதில் வந்துபோன காசநோயின் தழும்பு நெஞ்சில் தெரிந்தால் 'அன்ஃபிட்'. பெற்ற தாய்க்குச் சொல்லுமுன்னே அந்தச் சேதி வளைகுடா நாடுகளின் கணினிக்குப் போய்விடும். இறங்கியதும் கண்ணைக் காட்ட வேண்டும். குவைத் தன் குடிமக்களோடு வெளிநாட்டவரையும் வரிசையில் நிறுத்திப் பயோமெட்ரிக் பதிவை வாங்கியது. வெளிநாட்டவருக்குக் கெடு 2024 டிசம்பர் 31. பதியாதவனின் வங்கிக் கணக்கு முடங்கும். வேலைக்காரனின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைப்பது அமீரகத்திலும் சட்டப்படி தப்பு. தப்புதான், யார் இல்லை என்றது? டிராயர் பூட்டியிருக்கிறது, சாவி மேனேஜரிடம்.

இத்தனையும் பறிகொடுத்தவனுக்கு வீட்டு முகம் பார்க்க ஆசை வராதா? ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. 2019-ல் டோடாக் என்றொரு செயலி வந்தது. காசில்லாத வீடியோ கால், தங்கு தடையில்லாமல் போயிற்று. எல்லாச் செயலியும் முடங்கும் ஊரில் இது மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. பிள்ளை முதல் பல் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது, அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று. கம்பெனி மறுத்தது. ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடையிலிருந்து எடுத்துப்போட்டன. உளவுக்கு இப்போதெல்லாம் ஒற்றன் வேண்டாம். பிள்ளையைப் பிரிந்த தகப்பனுக்கு இலவசமாகப் பிள்ளையைக் காட்டினால் போதும், மொத்த போனையும் அவனே திறந்து கொடுத்துவிடுவான்.

அங்கேதான் இப்படி, சொந்த ஊர் அரசு பொத்திக் காக்கும் என்று நினைப்பவர்கள் 2020 ஏப்ரலை நினைத்துக்கொள்ளட்டும். கொரோனா கண்காணிப்பில் இருந்தவர்களின் நோய்க் குறிப்புகளைக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தளத்தில் ஏற்றியது. சட்டத்துறையைக் கேட்டீர்களா என்றால், நானே எடுத்த முடிவு என்றார் ஐ.டி. செயலாளர். என்ன ஒரு துணிச்சல்! பிறத்தியார் வியாதியை ஒப்படைக்க இவருடைய கையெழுத்து போதுமாம். ஏப்ரல் 24-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெயர் அடையாளங்களை அழித்துவிட்டுக் கொடு, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தை வாங்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. சம்மதம் என்றொரு சங்கதி உண்டு என்பதையே அரசுக்குக் கோர்ட்தான் ஞாபகப்படுத்தியது.

டெல்லிக்காரர்கள் இன்னும் கெட்டி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்குத் தானே விலக்கு கொடுத்துக்கொள்ளலாம். அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தது: அதிகாரியின் விவரத்தை நீ கேட்டால், அது அவருடைய அந்தரங்கம். உன் கண், உன் விரல், உன் எக்ஸ்ரே எல்லாம் ஊர்ச் சொத்து. அவருடைய கோப்பு மட்டும் கற்புக்கரசி.

இவ்வளவுக்கும் பிறகு தேடுபொறியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஊரில் இருந்தவரை சந்தேகம் வந்தால் டீக்கடையில் கேட்பான், பள்ளிக்கூட சாரிடம் கேட்பான், அக்‌ஷயா சென்டரில் இருக்கும் பெண்ணிடம் கேட்பான். அங்கே எட்டுப் பேர் படுக்கும் ரூமில் யாரிடம் கேட்பது? இரவு போர்வைக்குள் போனைத் திறந்து அந்தத் தேடல் பெட்டியில் எழுதுகிறான்: சம்பளம் மூன்று மாதம் வரவில்லை, எங்கே புகார் செய்வது. இக்காமா (தங்கும் அனுமதி) முடிந்துவிட்டது, பிடித்தால் என்ன செய்வார்கள். இடது கையில் வலி. மனைவி போன் எடுக்கவில்லை. பாதிரியாரிடமும் சொல்லாததைக் கூகுளிடம் சொல்கிறான். சொன்னதை அது கேட்டு வைத்துக்கொண்டு விளம்பரக்காரனுக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறது. அதன் தலைவர் மதுரையில் பிறந்தவர் என்று நாம் புளகாங்கிதம் அடைந்துகொண்டிருக்கிறோம்.

போனைத் திறந்ததும் கூகுள் வந்து நிற்பதும் தற்செயல் அல்ல. அந்த இடத்துக்காக அது 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. சட்டவிரோத ஏகபோகம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பெழுதினார். உன் போர்வைக்குள் முதலில் நுழைகிற உரிமைக்கு அவ்வளவு விலை. ஆகவே மாற்று, இப்போதே மாற்று. செட்டிங்ஸில் ஒரு நிமிட வேலை. மாற்றுவது மகான்களிடம் போவதாக மட்டும் நினைக்காதே. டக்டக்கோவின் விடைகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங் சமைத்துக் கொடுப்பவை. அதன் பிரவுசர் மைக்ரோசாஃப்டின் உளவுக்கண்ணிகளை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டது 2022-ல் அம்பலமாகி, வசவு வாங்கிய பிறகே திருத்தினார்கள். ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமே கேட்டு, கேட்டது நீ என்று சொல்லாமல் கொண்டு வரும். விபிஎன் போடுகிறாயா, அமீரகத்தில் யோசித்துப் போடு. குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது, எது குற்றம் என்று முடிவு செய்வது நீ அல்ல.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். 2024 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த கையோடு, 'விக்சித் பாரத்' என்று பிரதமரின் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. இந்தியாவுக்குள் மட்டுமல்ல, அமீரகத்தில் இருந்தவர்களுக்கும் வந்தது. நிறுத்து என்று தேர்தல் ஆணையம் சொல்வதற்குள் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பளம் வராமல் படுத்துக்கிடக்கும்போது எந்தத் தூதரகத்தின் மணியும் அடிக்காத அந்த நம்பர், ஓட்டு வேண்டும்போது மட்டும் டெல்லியின் கைக்கு எப்படிப் போயிற்று? நம்பரைக் கொடுத்தவன் பெயரைச் சொல்லட்டும், எந்தத் தேடுபொறி நல்லது என்று பிறகு பேசலாம்.