பின்னிறகும் பலாப்பழமும்: ஜவ்வாது மலைச் சாலையில் ஓர் ஊர்தியியல் ஆய்வு

நூற்பா:
பறவா ஊர்திக்குப் பின்னிறகு என்ப;
பறந்தது நாவில் என்மனார் தோழர்.

உரை: இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்கள் தம் இளமைக்காலக் கார்களைப் பற்றி மலையேறிப் போய்ப் பேசும் வழக்கத்தையும், அக்கார்களின் பின்புறம் பூட்டப்பட்ட ஸ்பாய்லர் எனும் உறுப்பின் பயனையும் உணர்த்துதல் நுதலிற்று.

ஆய்வுக்களம் ஜவ்வாது மலை. ஆலங்காயத்தில் ஏறி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலை. திணை குறிஞ்சி. கருப்பொருள் சாமை, தேன், பலா. உரிப்பொருள், விற்ற காரை நினைத்து இரங்கல். இரங்கல் நெய்தலுக்கல்லவா உரியது என்று புலவர் எவரேனும் சண்டைக்கு வந்தால், திணை மயக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உரிப்பொருள் மட்டும் மயங்காது என்பது தொல்காப்பியர் கட்சி. அதை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம்.

தகவலாளர்கள் மூவர். முதலாமவர் வாணியம்பாடிக்காரர், ஒரு காலத்தில் சிவப்பு மாருதி ஜென் வைத்திருந்தவர். இரண்டாமவர் ஆம்பூர்க்காரர், அவருடைய ஃபோர்டு ஐகான் 1.6 இன்றும் அவரிடமே இருக்கிறது. ஸ்பாய்லரும் இருக்கிறது, இடப்பக்கம் எம்-சீல் வைத்து ஒட்டப்பட்ட நிலையில். மூன்றாமவர் வேலூர்க்காரர். அவருக்குச் சொந்தமாகக் கார் இருந்ததில்லை. அவருடைய தாய்மாமாவிடம் ஒரு காண்டெஸா இருந்தது. கார்களைப் பற்றி மிகத் திடமான கருத்துகள் உடையவர் இவர்தாம். மூவரும் அந்த ஐகானிலேயே மலை ஏறினார்கள்.

இனி முன்னோர் மொழி. காருக்கு இறக்கை உதவும் என்று பந்தயத் தடத்தில் அடித்துச் சொன்னது, டெக்ஸஸ்காரர் ஜிம் ஹால் 1966-இல் இறக்கிவிட்ட சப்பரல் 2இ. 1968-இல் பெல்ஜியம் பந்தயத்தில் ஃபார்முலா ஒன் கார்களும் இறக்கை கட்டிக்கொண்டன. 1973 மாடல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ், பின்மூடியை வாத்தின் வாலாக வளைத்து, தெருவில் ஓடும் காருக்கும் இது ஆகும் என்றது. தத்துவம் எளிது. விமானத்தைத் தூக்கும் இறக்கையைக் கவிழ்த்து வைத்தால் அது காரைத் தரையோடு அழுத்தும். அழுத்தினால் டயர் பிடிக்கும், பிடித்தால் வளைவில் விழாமல் திரும்பலாம்.

தமிழ்நாட்டுக்கு வேகம் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுக்கணக்கில் பந்தயம் நடத்தியது. பிறகுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. கோவையின் கரிவர்தன், காய்கறி வாங்கப் போகும் மாருதி 800-இன் எஞ்சினைக் கழற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார்; செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்த மரபு வேகத்தைக் கூட்டியது. நம் ஆய்வுக்குரிய மரபு வேறு. இது வேகத்தின் அறிகுறிகளை மட்டும் கூட்டியது.

இந்த இரண்டாம் மரபின் மூலபாடமும் சென்னையிலேயே எழுதப்பட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000. மேனி, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. பார்த்தால் பறக்கும் போலிருக்கும். உள்ளே இருந்தது 1940-களின் வேன்கார்டு கார் வழிவந்த கிழ எஞ்சின். சில ஆண்டுகளிலேயே மூச்சு நின்றது. வேகமாகத் தெரிவதும் வேகமாகப் போவதும் இருவேறு கலைகள் என்பதை இவ்வளவு செலவு செய்து நிறுவிய நூல் வேறில்லை.

பின்னர் வந்தவர்களுக்குச் செலவு குறைவு. 1998-இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது, 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. இவற்றை வாங்க முடியாதவர்கள் வாங்க முடிந்ததைச் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஓட்டிப் போனார்கள். ஃபைபர் ஸ்பாய்லரை டிக்கி மூடிமேல் வைத்து, பென்சிலால் குறித்து, டிரில் போட்டு, நாலு போல்ட்டு முறுக்கி, சுற்றிலும் சீலண்ட் பூசுவார்கள். முதல் மழைக்கு அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி ஸ்டெப்னி குளிக்கும். கூடவே அலாய் வீல், தடித்த வாய் வைத்த சைலன்சர், டிக்கியில் பாதியை விழுங்கும் சப்-வூஃபர், அடிவயிற்றில் நியான் விளக்கு. பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர். கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்ததால் குலதெய்வத்தைத் தவிர உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஃபிலிமை உரிக்கச் சொன்னபோதுதான் பலருடைய மனைவிமார் முதன்முறையாக வெயிலைப் பார்த்தார்கள் என்கிறார் மூன்றாமவர். இக்கூற்று சரிபார்க்கப்படவில்லை.

சைலன்சர் பற்றி ஒரு வரி போதும். சின்ன எஞ்சினுக்குக் குழாயை அகலமாக்கினால் புகை வெளியேறும் வேகம் தளர்ந்து, கீழ்ச்சுற்றில் இழுவை குறையும். மலையேற்றத்தில் வேண்டியதோ கீழ்ச்சுற்று இழுவைதான். சத்தம் முன்னால் போக, கார் பின்னால் வரும்.

இனிக் கணக்கு. ஸ்பாய்லரின் நீளம் 120 செ.மீ., அகலம் 15 செ.மீ. என்று கொள்வோம்; பரப்பு 0.18 சதுர மீட்டர். அது உண்மையான இறக்கைபோல் வேலை செய்கிறது என்று தாராள மனத்தோடு கெழுவை ஒன்று என வைப்போம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது காரை அழுத்தும் விசை எட்டரை கிலோ எடைக்குச் சமம். இவ்விசை வேகத்தின் வர்க்கத்தோடு போவது. கொண்டை ஊசி வளைவில் 20 கி.மீ. வேகத்துக்கு இறங்கினால் மிஞ்சுவது 340 கிராம். காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அங்கே காற்று ஏறக்குறைய ஏழு சதவீதம் மெலிந்திருப்பதால் இன்னும் ஒரு கைப்பிடி தள்ளுபடி. அரைக் கிலோ தக்காளிகூட இல்லை. ஸ்பாய்லரின் சொந்த எடையே இதைவிட அதிகம். ஆகவே அது காரை அழுத்தும் பணியைச் செய்வது உண்மைதான். கார் நின்றுகொண்டிருக்கும்போதும் செய்கிறது.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்றுண்டு. ஜென்னிலும் ஐகானிலும் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. ஸ்பாய்லர் அழுத்துவது பின்சக்கரங்களை. வேலை செய்பவன் ஒருவன், சத்துணவு இன்னொருவனுக்கு. மூவரும் பேசிய கார்களில் பின்சக்கரம் இழுத்தது காண்டெஸா ஒன்றுதான்; அதில் ஸ்பாய்லர் இல்லை. இதைக் கேட்டதும் மூன்றாமவர் எழுந்து நின்று இன்னொரு டீ சொன்னார். ஜமுனாமரத்தூர் டீக்கடை அக்கா, “தம்பி, முதல்ல குடிச்சதுக்கு யாரு குடுக்கறீங்க?” என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வேகம். முதலாமவர், தம் ஜென் வாணியம்பாடி – கிருஷ்ணகிரி சாலையில் 140 தொட்டது என்று ஆலங்காயத்தில் சொன்னார். காவலூரில் அது 150 ஆனது. ஜமுனாமரத்தூரில் 165. உயரம் கூடக்கூட எஞ்சின் வலு குறையும் என்பதே இயற்பியல். மாருதி 800 ஏறினால் அதன் நாற்பதுக்கும் குறைவான குதிரைகளில் இரண்டு மூன்று அடிவாரத்திலேயே தங்கிவிடும். விற்ற காருக்கு மட்டும் இவ்விதி தலைகீழாக இருப்பது ஏன்? விடை காவலூரிலேயே கிடைத்தது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் தொலைதூரத்து ஒளியை வாங்கிக்கொண்டிருக்கிறது. விண்மீன் பேரடை எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகமாக அது நம்மைவிட்டு விலகும் என்று 1929-இல் ஹப்பிள் சொன்னார். கார்களுக்கும் இதுவே. விற்று எத்தனை ஆண்டாயிற்றோ அத்தனை வேகம். போன மாதம் விற்றவன் மைலேஜைப் பற்றித்தான் பேசுவான்.

அதே வளாகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கிதான், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போனபோது, மறைப்புக்கு முன்பே அவ்விண்மீன் மங்கியதைப் பதிவு செய்தது. அன்றைய கண்காணிப்புகளால் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது. அதாவது ஒரு கோள் தனக்குத் தெரியாமல் கூடுதல் உதிரிபாகம் பூட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்ததில் இம்மலைக்கும் பங்குண்டு. களத்தேர்வு வீண்போகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் வானாய்வகம் நம் தகவலாளர்கள்மேல் வருத்தப்பட வேண்டும். நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். வானத்தை வெளுக்கச் செய்யும். ஐகானின் முகப்பிலோ நீலச் சாயம் பூசிய பல்பு. சாயம் ஒளியின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடுவதால் சாலையும் சரியாகத் தெரியாது, எதிரே வருபவருக்கும் கண் கூசும். “பளிச்சுனு அடிக்குதுடா மச்சான்” என்றார் இரண்டாமவர், வெள்ளைக் கோட்டை விட்டு ஓரடி விலகியபடி.

இனிப் பலாப்பழம். டீக்கடை முன்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டுநர் மலைக்காரர், இருபதுக்கு மேல் வயது சொல்ல முடியாது. வண்டி பின்சக்கர இழுவை. பக்கப் பலகை ஓரடி உயர்த்தப்பட்டிருந்தது. பின்னால் நாற்பது பழம் இருக்கும். நம் தகவலாளர்கள் அவிழ்ந்த ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் எழுந்து போய் வண்டியைச் சுற்றிவந்தார்கள். ஒருவர் கீழே குனிந்து பார்த்தார்.

“தம்பி, ஆல்டர் பண்ணி கீற போல?”

“இதெல்லாம் ஆல்டரா ண்ணா? லோடு ஏத்துனா பின்னாடி உக்காருதுன்னு ரெண்டு பட்டை சேர்த்தேன். காலி வண்டிதான் வளைவுல துள்ளும். பழம் இருந்தா ரோட்டை அப்படியே கவ்விக்கும்.”

பழம் ஒன்று பத்துக் கிலோ என்றால் நாற்பதுக்கு 400 கிலோ. இழுக்கும் சக்கரங்களின் மேலேயே பெரும்பகுதி விழுகிறது. இதே அழுத்தத்தை ஐகானின் ஸ்பாய்லர் தர வேண்டுமானால் மணிக்கு ஏறக்குறைய 690 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். முதலாமவர் தம் ஜென்னின் வேகத்தை அதுவரை உயர்த்த இன்னும் சில ஆண்டுகள் ஆகும். எனவே 100 கி.மீ. வேகத்தில் ஸ்பாய்லர் தருவதை, நின்ற நிலையிலேயே ஒற்றைப் பழம் தருகிறது என்ற அடிப்படையில், பின்னழுத்த விசைக்கு அலகாக ‘ஒரு பலா’ என்பதை இக்கட்டுரை முன்மொழிகிறது. கொண்டை ஊசி வளைவில் ஐகான் ஸ்பாய்லரின் திறன், பலாவில் நூற்றுக்கு மூன்று பங்கு. ஏறக்குறைய ஒரு கொத்துச் சுளை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. உயர்த்திய பலகையும் இதில் மாட்டும், தடித்த சைலன்சரும் மாட்டும். பழம் மாட்டாது, அது சரக்கு.

இந்த நுட்பத்தை முதலில் பிடித்தவர் இரண்டாமவர். பேரம் பேசி இரண்டு பழம் வாங்கி டிக்கியில் வைத்தார். இறங்கும்போது பின்பக்கம் நன்றாக உட்கார்ந்து வருவதாக ஒவ்வொரு வளைவிலும் அறிவித்தார். இது முன்சக்கர வண்டியடா, பழத்தைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறாய் என்றார் முதலாமவர். காண்டெஸாவாக இருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றார் மூன்றாமவர். காவலூர் தாண்டி ஆலங்காயம் வரை இதே சண்டை. முடிவில், பழத்தைப் பானெட் மேல் கயிறு போட்டுக் கட்டுவது 52-ஆம் பிரிவின்கீழ் மாற்றமா, வெறும் சரக்கா என்று விளக்கம் கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதுவதென்று தீர்மானித்தார்கள். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.