பதிமூன்று லட்சத்தின் பங்காளிகள்

வீட்டு லோன் விளம்பரத்தில் புருஷனும் பொண்டாட்டியும் சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பார்கள். முன்பணத்தை யார் யாரிடம் புரட்டினார்கள் என்பதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

அம்பத்தூரில் விலை கேட்டுவிட்டு, பேசாமல் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனோம். திருமுல்லைவாயலில் கை மாறி வந்த ஒரு பழைய ஃபிளாட், 45 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, பேங்க் 36 லட்சம், நாம் 9 லட்சம். அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் டாக்குமென்ட் ரைட்டர் கால்குலேட்டரைத் தட்டினார். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இன்னொரு 4 லட்சத்துச் சொச்சம். பேங்க் அதைக் கணக்கிலேயே சேர்க்காது.

அரசாங்கம் உதவாமல் இல்லை. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-வில் 1.80 லட்சம் வரை வட்டி மானியம் உண்டு. ஆனால் லோன் வாங்கிய பிறகு, ஐந்து தவணையாக, லோன் கணக்கில்தான் விழும். அதுவும் வீட்டு விலை 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வீடு அந்த ஸ்டாப்பில் நிற்காமலே போய்விட்டது.

பி.எஃப்.பில் கொஞ்சம் எடுத்தேன். மனைவி ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாள். மிச்சத்துக்கு உறவு.

மாமனார் 3 லட்சம் தந்து, "திருப்பித் தர வேணாம் மாப்ளே" என்றார். நான் கேட்டதிலேயே பயங்கரமான கடன் ஒப்பந்தம் அதுதான். ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய சாய்வு நாற்காலி வந்தாகிவிட்டது. அக்கா வளையலை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுத்தாள். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் வெறுங்கையை நீட்டி நீட்டித்தான் சாம்பார் கேட்கிறாள்.

பெரியப்பா கைமாத்தாக 50 ஆயிரம் தந்தார். 700 சதுர அடி வீட்டில் அந்தப் பணத்துக்கு எட்டு சதுர அடிகூடத் தேறாது. ஆனால் சமையலறை மொத்தத்தையும் அக்னி மூலைக்கு மாற்றச் சொல்கிறார். அக்னி மூலையில் இப்போது பாத்ரூம் இருக்கிறது.

36 லட்சம் கொடுத்த பேங்க்காரர்கள் எவ்வளவு உத்தமர்கள்! சுவருக்கு என்ன பெயின்ட் என்றுகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாசம் பிறந்தால் இ.எம்.ஐ.யை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.

பால் காய்ச்சிய அன்று பெரியப்பா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே பாத்ரூம் சுவரை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்தார்.

"இடிச்சுக் கட்ட என்ன ஆயிடப் போவுது? பணத்துக்குப் பார்க்காதடா, நான் தர்றேன்!"

மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.