செய்கூலி, சேதாரம், கிட்டார்

“கிட்டார் வாசிப்பீங்களாமே?” என்று யாராவது கேட்டால், “வெச்சிருக்கேன்” என்றுதான் சொல்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிற அந்தச் சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார், கூட வேலை பார்த்த ஒருவர் கனடா போகும்போது எட்டாயிரம் ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனது. 1954-ல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க அதைப் பார்த்து நகல் எடுத்தார்கள். நகலைப் பார்த்து யாரோ நகல் எடுத்தார்கள். அதையும் பார்த்து இன்னொருவர் கண்ணாடி போடாமல் எடுத்தது என்னுடையது. தலைப்பக்கத்தில் ஏதோ ஒரு பெயர் ஸ்டிக்கராக இருந்தது. சென்னைப் புழுக்கத்தில் அதுவும் விலகிக்கொண்டது.

அதனிடம் ஒரு குறை இருந்தால் சொல்லலாம். ஜாக்கில் வயரைச் செருகிவிட்டு ஒரு தினுசான கோணத்தில் உட்கார்ந்தால்தான் சத்தம் வரும், அந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சுருதி சேர்த்துவிட்டு ஒரு வாய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் சுருதி இறங்கியிருக்கும். வால்யூம் குமிழைத் திருப்பினால் பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிக்கிறார்களோ என்று அம்மா எட்டிப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, ஆம்ப்ளிஃபையரைப் போட்டவுடன் ஆரம்பிக்கிற ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்.

இரைச்சலுக்குக் காரணம் உண்டு. பிக்கப் என்பது காந்தத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றிவைத்த சமாசாரம். மேலே கம்பி அதிர்ந்தால் உள்ளே கரண்ட் பிறக்கும். ஆனால் வீட்டு வயரிங்கில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்டையும் அது விட்டுவைக்காது. சுவரில் ஓடுவதைக் கேட்டு ஊருக்கெல்லாம் சொல்லும். 1955-ல் கிப்ஸன் கம்பெனியில் சேத் லவர் என்கிற இன்ஜினியர், இரண்டு காயில்களை எதிரும் புதிருமாக வைத்து இரைச்சலை இரைச்சலாலேயே அடிக்கிற வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். என் கிட்டாரில் இருப்பவை மூன்று ஒற்றைக் காயில்கள், தட்டிக்கேட்க ஆளில்லாதவை.

ஒரே ஒரு வசதி. ஆறு கம்பிகள் மேலும் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் இரைச்சல் டக்கென்று அடங்கிவிடும். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஓர் எர்த் வயர் போகிறது, தொட்டவுடன் என் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது. என் வாசிப்பில் வீட்டாருக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இது.

இப்படியே காலம் போயிருக்கும். கல்லூரிக்குப் போகிற மகள்தான் ஒருநாள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, “அப்பா, ஒண்ணு இதைச் சரி பண்ணு, இல்ல புதுசு வாங்கு, இல்லேன்னா விட்டுடு” என்றாள். மூன்றாவது யோசனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நிபுணர்களிடம் போனேன். கிட்டார் விற்கிற கடைப் பையன் நான் வாசித்த சில நொடிகளைக் கேட்டுவிட்டு, “இந்த பாடி நல்லாத்தான் இருக்கு சார், எதுக்குப் புதுசு? பிக்கப் மட்டும் மாத்திக்குங்க” என்றான். கிட்டார் ரிப்பேர் செய்கிறவரிடம் போனால், “இதுக்குப் போய்ச் செலவு பண்ணுவாங்களா சார், புதுசு வாங்கிடுங்க” என்றார். விற்கிறவன் வாங்காதே என்கிறான், ரிப்பேர்காரர் ரிப்பேர் வேண்டாம் என்கிறார். இருவருக்கும் பொதுவான ஆசை ஒன்று இருந்தது. நான் இடத்தைக் காலி செய்யவேண்டும்.

ஆனாலும் அந்த ரிப்பேர்காரர் விஷயம் தெரிந்தவர். கிட்டாரைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பியை லேசாகத் தொட்டு மணி அடிக்கிற மாதிரி ஒரு நாதம் எழுப்பினார், பிறகு அதே இடத்தில் அழுத்தி ஒன்று. இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்கவேண்டுமாம், கம்பியின் சரிபாதி அதுதான் என்பதால். வித்தியாசம் இருந்தால் பிரிட்ஜில் திருகைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம், அது ஒரு கெட்ட வியாதியே இல்லை என்றார். கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்தாலோதான் கையைக் கழுவவேண்டுமாம். “உங்களுது நெக் நேரா இருக்கு சார். கம்பி மாத்தி, செட்டிங் பண்ணிட்டாலே முக்கால்வாசி சரியாயிடும். மீதி...” என்று நிறுத்தி, என் விரல்களைப் பார்த்தார். நாகரிகமான மனிதர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவர் சொன்னதோடு நின்றிருந்தால் சில நூறு ரூபாயில் கதை முடிந்திருக்கும், உங்களிடம் சொல்ல எனக்கும் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கிட்டாரை வடிவமைத்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எதையும் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் செய்வார். கழுத்தைக்கூட ஒட்டாமல் நாலு திருகில் நிறுத்தினார். முன்பக்கத் தகட்டில் 11 திருகு, அதைத் திறந்தால் உள்ளே மொத்தக் குடலும் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிற குடும்பஸ்தன் கண்ணில் இதைக் காட்டலாமா? லியோவுக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது கூடுதல் தகவல். அதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியான தூக்கம்.

வீட்டில் நிதி ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறதே. புது கிட்டார் என்றால் இருபத்தைந்தாயிரம் ஒரே தொகையாகக் கேட்கவேண்டும், சபை கூடும், சோபாவுக்குத் துணி மாற்றவேண்டியது முதல் அம்மாவின் கண் ஆபரேஷன் வரை எல்லாம் அஜெண்டாவில் வரும். பழசைச் சீர்திருத்துவது அப்படியல்ல. முந்நூறு, அறுநூறு, தொள்ளாயிரம் என்று பூனைநடையில் போகும். எத்தனையோ ஆண்கள் ‘பழசின் ஆன்மா’ என்றெல்லாம் உருகுவதைக் கேட்டிருக்கிறேன். ஆன்மாவாவது ஒன்றாவது, அத்தனையும் இந்தப் பூனைநடைக் கணக்குத்தான்.

இருந்தாலும் மனைவியிடம் முன்னுதாரணங்களை அடுக்கினேன். “எரிக் கிளாப்டன்னு ஒருத்தர். 1970-ல பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கி, மூணை நண்பர்களுக்குக் குடுத்துட்டு, மீதி மூணுல இருந்த நல்ல பாகத்தையெல்லாம் சேர்த்து ஒண்ணு பண்ணார். ‘பிளாக்கி’ன்னு பேரு. 2004-ல ஏலத்துல 9,59,500 டாலருக்குப் போச்சு.”

“உங்களுது?” என்றாள்.

“சரி, அவரை விடு. பிரையன் மே. 1963-ல அப்பாவும் பிள்ளையுமா வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பிச்சாங்க. கழுத்துக்குக் குளிர்காயற அடுப்போட பழைய மரச்சட்டம், ஸ்பிரிங்குக்கு மோட்டார் சைக்கிளோட வால்வு ஸ்பிரிங், அம்மாவோட தையல் பெட்டியிலேருந்து பட்டன்...”

அவள் மெதுவாகப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து நான் ஹாலில் இருக்கும்போதெல்லாம் ஊஞ்சல் பலகையில் யாராவது ஒருவர் இருக்கிறார்கள்.

“அவ்வளவு தூரம் ஏன்? நம்ம மாண்டலின் ஸ்ரீநிவாஸ். நாலு ஜோடிக் கம்பி இருக்கவேண்டிய வாத்தியத்துல அஞ்சு ஒத்தைக் கம்பி போட்டுத்தானே கச்சேரி பண்ணார்? மாத்தினதாலதானே கர்நாடக சங்கீதம் அதுல உக்காந்துது?”

“ஏங்க, அவங்கல்லாம் வாசிச்சாங்க” என்றாள்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். வால்யூம் கரகரப்புக்கு, குமிழுக்கு அடியில் சுழல்கிற ‘பாட்’ என்ற பாகம் ஒன்று வாங்கவேண்டும், ஒற்றைக் காயிலுக்கு 250கே என்று படித்துவைத்திருந்தேன். கடைக்காரர், “ஏ-வா பி-யா?” என்றார். பரீட்சையில் தெரியாத கேள்விக்கு ‘பி’ போட்டுப் பழகியவன் நான். பிறகுதான் தெரிந்தது, காதுக்கு ஏற்றபடி சீராக ஏறி இறங்குவது ஏ, பி என்பது வெறும் நேர்கோட்டுக் கணக்கு. பத்திலிருந்து மூன்று வரை திருப்பினாலும் சத்தம் குறைந்த மாதிரியே தெரியாது, அதற்குக் கீழே மயிரிழை நகர்த்தினால் கிட்டார் மௌன விரதம்.

அதை மாட்டுவதற்குள் பட்ட பாடு தனி. புது பாட்டின் கழுத்து பருமன், தகட்டில் ஓட்டை சின்னது. ஓட்டையைப் பெரிசாக்கியதில் தகடு விரிசல் விட்டது. புதுத் தகடு வரவழைத்தேன். அதன் திருகு ஓட்டைகளும் கிட்டாரின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய ஓட்டைகளில் பல்குத்தும் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் ஒடித்துவிட்டு, பக்கத்தில் புது ஓட்டை போடவேண்டும். செய்தேன். பழைய குமிழ் புது பாட்டில் ஏறவில்லை. குமிழும் வாங்கினேன், கறுப்பில். மற்ற இரண்டும் வெள்ளை. அந்த இரண்டையும் கறுப்பாக்கினால் பிக்கப் மூடிகள் வெள்ளை. புரிகிறதல்லவா?

பால்கனியில் நியூஸ்பேப்பர் விரித்து, அடுப்படி இடுக்கியால் வயரைப் பிடித்துக்கொண்டு சால்டர் வைத்தேன். பாட்டின் முதுகில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு உருண்டு ஓடும். முதலில் உப்புத்தாளால் சுரண்டி, நன்றாகச் சூடேற்றினால்தான் பிடிக்கும் என்பதை இரண்டு விரல் கொப்பளித்த பிறகு தெரிந்துகொண்டேன். எல்லாம் முடித்துத் தகட்டை மூடினால் பத்துத் திருகுதான் இருக்கிறது. பதினொன்றாவதைத் தேடாத இடமில்லை. சாயங்காலம் அம்மா பூஜை அலமாரியிலிருந்து ஒரு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து மருமகளிடம், “யாரோட தோட்டுத் திருகாணியோ, பால்கனியில கெடந்துதும்மா. பத்திரமா வெச்சேன்” என்றார். பிறகு கவலையோடு, “ஆனா இவ்வளவு கூரா இருக்கே, யாரு காதுல போட்டிருந்தா?” என்றார். கண் ஆபரேஷன் அஜெண்டாவில் முதலிடத்துக்கு வந்தது.

பூனைநடையெல்லாம் என் மனைவியிடம் பலித்ததில்லை. ஒவ்வொரு பார்சலையும் வாங்கி வைத்தவளே அவள்தானே. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். பதினோராயிரத்து நானூறு. கிட்டார் எட்டாயிரம்.

“இதையும் சேர்த்து வித்துடலாம்” என்றேன். பார்க்க வந்த பையன், “அங்கிள், ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கா?” என்றான். “அதைவிட உசத்தியா போட்டிருக்கேன் தம்பி.” “ஒரிஜினல் இருந்தா அஞ்சு தரலாம் அங்கிள். இப்ப மூணு.” நான் போட்ட ஒவ்வொரு ரூபாயும் அதன் விலையைக் குறைத்திருக்கிறது. இந்த உலகத்தில் யாரோ ஒருவர் மாற்றிய கிட்டாரை இன்னொருவர் நம்புவதில்லை. பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் கூடக் கிடைக்குமாம்.

மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பழைய நகையை அழிச்சுப் புதுசு பண்ணா என்ன ஆகும்? போட்ட செய்கூலி போச்சு, சேதாரம் போச்சு, கல்லுக்கு வேற எடை கழிப்பான். அதுலயாவது தங்கம்னு ஒண்ணு மிஞ்சும். உங்க கிட்டார்ல என்ன மிஞ்சுது?” என்றாள். பல்குத்தும் குச்சி என்று சொல்ல நினைத்தேன்.

கடைசியில் அவளே இருபத்தைந்தாயிரம் ஒதுக்கினாள், இனி வீட்டுக்கு ஒரு பார்சல்கூட வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. மவுண்ட் ரோடு கடையில் ஹம்பக்கர் போட்ட கிட்டார் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார்கள். ஆம்ப்ளிஃபையரைப் போட்டார்கள். நிசப்தம். தமிழ்நாட்டில் கிட்டார் பிடிக்கிற எவனும் முதலில் கை வைப்பது, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் அந்த நிலாப் பாட்டு ஆரம்பத்தில்தான். நானும் வைத்தேன்.

அத்தனை தப்பும் பளிச்சென்று கேட்டது. எங்கே விரல் வழுக்குகிறது, எங்கே கம்பி சரியாக அழுந்தாமல் செத்த சத்தம் வருகிறது, எங்கே தாளம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறது, எல்லாம் தனித்தனியாக, ஜோடனையோடு. வீட்டில் இதையெல்லாம் அந்த ‘ம்ம்ம்’ மூடி மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரைச்சல் என்று நான் திட்டியது, இத்தனை நாளாக என் மானத்துக்குப் போர்த்திய சால்வை. கடைப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, “புதுக் கம்பி சார், கொஞ்சம் செட்டாகணும்” என்றான். இரண்டு இளைஞர்கள் மரியாதையாக நகர்ந்து கீபோர்டு பக்கம் போனார்கள்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, “பழசுக்கு என்ன குறைச்சல்? அதுவே இருக்கட்டும்” என்றேன். மனைவி என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், காரணம் கேட்கவில்லை. அதுதான் அவளுடைய பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்ப அந்தப் பணம் சும்மாதானே இருக்கு? என்னோட பழைய வளையல் ரெண்டும் நெளிஞ்சு கெடக்கு. அதை அழிச்சு, மேல கொஞ்சம் போட்டுப் புது மாடல்ல செஞ்சுக்கறேன்” என்றாள்.

நகைக்கடையில் எடை போட்டார்கள், கல்லுக்குக் கழித்தார்கள், கால்குலேட்டரைத் தட்டினார்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்க நான் வாயெடுத்தேன்.

“நீங்க போய் ஏசி காத்து வர்ற பக்கமா உக்காருங்க” என்றாள். “கூல்டிரிங்ஸ் தருவாங்க.”