454 தம்பியும் 350 அண்ணனும்

(அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு ஷெட். டிராக் ரேஸுக்காக எஞ்சினைக் கழற்றி வைத்த 1966 செவி நோவா. பக்கத்து ஸ்டாண்டுகளில் இரண்டு செவர்லே வி-8 எஞ்சின்கள்: 350 கன அங்குலம் ஒன்று, 454 ஒன்று. ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார்.)

454: என்னண்ணே, மூட்டை கட்டியாச்சா? இந்த வண்டி எனக்குத்தான். 7.4 லிட்டர்! 1970ல ஷெவெல் கார்ல ஏறினப்போ 450 குதிரைத்திறன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்தது.

350: நல்லா இரு தம்பி. வெறும் 5.7 லிட்டர் நான் என்ன பேச? ஆனா உள்ளே எப்படிப் போவே?

454: பானெட்டைத் தூக்கினா இறங்கிடுவேன்.

350: பானெட் இல்லப்பா, இடுப்புதான் சிக்கல். முன் ஸ்பிரிங்குக்காக ரெண்டு பக்கமும் ஷாக் டவர் நிக்குதே, பாத்தியா? உன் ஹெடர் பைப் அதுல முட்டும். அப்புறம் ஒரு ஸ்பார்க் பிளக் மாத்தணும்னா ஓனருக்கு விரல்ல இன்னொரு மூட்டு முளைக்கணும்.

454: டவரை வெட்டிட்டு வேற முன்பக்கம் வைப்பாங்க. 'கிட்'டாவே விக்குது.

350: விக்குது. அந்தக் காசுக்குப் பழைய 350 ரெண்டு மூணு வாங்கலாம். அதோட முடியுமா? உன் சூட்டுக்குப் பெரிய ரேடியேட்டர், உன் முறுக்குவிசைக்குத் தாங்குற கியர்பாக்ஸ். "பெரிய எஞ்சின் மலிவாக் கிடைச்சுது"ன்னு ஆரம்பிச்சவங்க கதையெல்லாம் இப்படித்தான்.

454: வயசாச்சு, அதான் பயம். உங்க வம்சம் 1955. நாங்க 1965.

350: 265 கன அங்குலமா வந்த வம்சம்தான். ஆனா 400 எஞ்சினோட கிராங்கை எனக்குள்ள போட்டு, சிலிண்டரைக் கொஞ்சம் கடைஞ்சா நான் 383. வெளியே ஒரு அங்குலம்கூடப் பெருக்காது. நீ என்னைவிட சுமார் 50 கிலோ அதிகம். அத்தனையும் முன் சக்கரத்து மேல. கிளம்புற நொடியில எடை பின்னால போகணும், தெரியுமில்ல?

454: அலுமினியம் ஹெட் போட்டா இளைச்சிடுவேன்.

350: ஓனர் பர்சும்தான். 1972ல போமோனா டிராக் ரேஸ்ல, 'கிரம்பி' பில் ஜென்கின்ஸ்ங்கிற ரேஸர் வேகாங்கிற குட்டிக் கார்ல 331 கன அங்குலத்தை வெச்சுப் புரோ ஸ்டாக் பிரிவை ஜெயிச்சார். அது எங்க வம்சம்.

454: அந்த வருஷம் சின்ன எஞ்சினுக்கு எடைச் சலுகை கொடுத்தாங்களே, அதையும் சொல்லு! 1982ல சலுகையை எடுத்துட்டு எல்லாருக்கும் 500 கன அங்குலம்னாங்க. அப்புறம் புரோ ஸ்டாக்ல உங்க ஆளுங்க யாரு?

350: (ஒரு சொட்டு எண்ணெய் விட்டு) அது சரிதான். ஆனா நம்மாளு புரோ ஸ்டாக்கா ஓட்டப் போறாரு? சனிக்கிழமை பிராக்கெட் ரேஸ். கால் மைலை 11.80 நொடியில ஓடுவேன்னு தானே கண்ணாடியில எழுதிக்கிட்டு, அதை ஒட்டி ஓடணும். அதைவிட வேகமாப் போனா அவுட். இதுல 7.4 லிட்டருக்கு என்ன வேலை?

454: சத்தம். பானெட்டைத் திறங்கன்னு நாலு பேரு கேப்பாங்க.

350: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ஆனா உன் வேகத்துல 11.49 நொடிக்கு வந்தாலே பாதுகாப்புக்கு ரோல் பார் கேப்பாங்க. 9.99ன்னா ரோல் கேஜ், சேஸிஸ் சான்றிதழ், தனி லைசென்ஸ்.

454: அதை விடு. நேத்து அவரு போன்ல பேசினதைக் கேட்டியா? காயலான் கடையில சில்வராடோ பிக்கப்போட 5.3 லிட்டர் எஞ்சின் இருக்காம். டர்போ போட்டா நம்ம ரெண்டு பேரையும் முந்துமாம்.

350: கேட்டேன். நாம கண்ணாடி வெச்ச காபி டேபிள் ஆயிடுவோம்.

454: நான் பெரிய டேபிள்!

350: ஆகிக்கோ. யார் ஏறினாலும் பின்னால இருக்கிறது அதே பழைய பத்து போல்ட் ஆக்சில். ஸ்லிக் டயர் போட்டு முறுக்கினா அதுதான் முதல்ல உடையும். அவரு முதல்ல ஆக்சிலை மாத்தட்டும், எஞ்சினை அப்புறம் பாக்கலாம்.